அமைதியாகப் படுத்திருக்கும் ஐசியூ நோயாளிக்கும் டெலிரியம் இருக்குமா? டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

வெண்பணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த என்னைச் சமீபத்தில் மெடிக்கல் ஐசியூவுக்கு மாற்றினார்கள். இங்கே புதிதாக கேம்-ஐசியூ என்று ஒரு ஃபார்ம் வந்திருக்கிறது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஷிஃப்டுக்கு ஒருமுறை டெலிரியம் (நோயால் திடீரென்று வரும் மூளைக் குழப்பம்) இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். நடப்பது என்னவென்றால், ஹேண்ட்ஓவருக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்து எல்லா பெட்டுக்கும் வரிசையாக நெகட்டிவ் என்று டிக் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் "கத்துறவங்க யாரும் இல்லையே" என்கிறார்கள்.

போன வாரம் என் பெட்டில் ஒரு பாட்டி. நிமோனியா, வென்டிலேட்டர் டியூப் எடுத்து இரண்டாம் நாள். ஹேண்ட்ஓவரில் "கான்ஷியஸ், ஓரியண்டட், நல்லா கோஆபரேட் பண்றாங்க" என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேர் கேட்டால் சொல்கிறார், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறார், விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன, நான் பேசும்போது பார்வை என்மேல் நிற்கவில்லை. ஃபார்மில் உள்ளபடி செய்து பார்த்தேன், பாசிட்டிவ் வந்தது. டூட்டி டாக்டரிடம் சொன்னதற்கு "வயசாயிடுச்சு சிஸ்டர், ஐசியூ சைக்கோசிஸ், வார்டுக்குப் போனா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படி அமைதியாக இருப்பவர்களுக்கு வருவதும் உண்மையில் டெலிரியம்தானா, அதனால் அவர்களுக்குக் கெடுதல் உண்டா? அப்புறம் அந்த ஃபார்மில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லி 'ஏ' வரும்போது கையை அழுத்தச் சொல்ல வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதை எப்படிச் செய்வது? டாக்டரிடம் எப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஐசியூ_அக்கா:

தங்கச்சி, நீ பார்த்தது டெலிரியம்தான், சந்தேகமே வேண்டாம். வாயில் கஞ்சி நிற்பதை நீ கவனித்தது ரொம்ப முக்கியம், கவனம் நிலைக்காத நோயாளிக்கு ஊட்டினால் அது நுரையீரலுக்குப் போகும், முதலில் அதை நிறுத்திவிட்டு விழுங்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்.

நம்மில் பெரும்பாலோர் மனதில் டெலிரியம் என்றால் லைனைப் பிடுங்குபவர், கட்டிலிலிருந்து இறங்குபவர், நம்மைக் கெட்ட வார்த்தையில் திட்டுபவர் என்ற படம்தான் இருக்கிறது. படிக்கும்போதும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் 2006-ல் அமெரிக்காவில் 614 ஐசியூ நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கத்திக் கலாட்டா செய்யும் வகை மட்டுமே தனியாக வந்தவர்கள் டெலிரியம் வந்தவர்களில் 2 சதவீதம்கூட இல்லை. மற்றவர்களெல்லாம் முழுக்க மந்தமாக இருந்தவர்கள், அல்லது இரண்டும் மாறி மாறி வந்தவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மந்தமான வகை இன்னும் அதிகம். அதாவது யாரும் கத்தவில்லை என்பதற்காக நெகட்டிவ் போட்டால் பெரும்பாலானவர்களை விட்டுவிடுகிறோம்.

விட்டுவிடுகிறோம் என்பதற்கும் பழைய ஆதாரம் உண்டு. 2001-ல் ஷாரன் இனோயி குழுவினர் 70 வயது தாண்டிய உள்நோயாளிகளைத் தாங்களும் பரிசோதித்து, அதே நோயாளிகளைப் பற்றி நர்ஸ்கள் சொன்னதையும் எடுத்து ஒப்பிட்டார்கள். டெலிரியம் இருந்த நோயாளிகளில் நர்ஸ்கள் கண்டுபிடித்தது 31 சதவீதம் பேரை மட்டும். அது ஐசியூ இல்லை, வார்டு, ஆனாலும் யாரையெல்லாம் தவறவிட்டார்கள் என்பதைப் பார்: மந்தமாக இருந்தவர்கள், 80 வயதைக் கடந்தவர்கள், கண் பார்வை குறைந்தவர்கள், ஏற்கெனவே ஞாபகமறதி நோய் உள்ளவர்கள். உன் பாட்டியைப் போன்றவர்கள்தான்.

இது நர்ஸ்களின் அலட்சியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவர் என்று கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஆள் மூன்று பெட் பார்க்கும்போது, தொந்தரவு தராமல் படுத்திருப்பவர் நமக்கு ஒரு நிம்மதி, மனசு தானாக "இவர் நல்லா இருக்கார்" என்று எழுதிவிடும். அப்புறம் முந்தைய ஷிஃப்ட்டின் "ஓரியண்டட்" அப்படியே அடுத்த ஷிஃப்ட்டுக்கு நகலாகிப் போகும்.

பேர், ஊர், தேதி கேட்பது மட்டும் போதாது. டெலிரியத்தில் முதலில் உடைவது கவனம். பேர் சொல்லும் நோயாளிகூட அரை நிமிடம் ஒரு விஷயத்தில் மனதை நிறுத்த முடியாமல் இருப்பார். அந்தக் கையழுத்தும் சோதனை அதற்குத்தான்.

எழுத்துக்குப் பதிலாக நாங்கள் எண்களைச் சொல்கிறோம். "நான் நம்பர் சொல்லுவேன், ஒண்ணுன்னு சொல்லும்போது மட்டும் என் கையை அழுத்துங்க" என்று பேச்சு வழக்கிலேயே சொல், பிறகு 8, 1, 7, 5, 1, 4, 1, 1, 3, 6. ஆங்கில வரிசையில் 'ஏ' வரும் அதே இடங்களில்தான் இங்கே 1 வருகிறது, அதனால் கணக்கு மாறாது. ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் மூன்று விநாடி இடைவெளி விடு, சாதாரணக் குரலில் சொல். 1 வரும்போது அழுத்தாமல் விட்டாலும் தவறு, வேறு எண்ணுக்கு அழுத்தினாலும் தவறு. இரண்டுக்கு மேல் தவறு போனால் கவனம் இல்லை என்று அர்த்தம். எல்லா எண்ணுக்கும் அழுத்திக்கொண்டே இருப்பவரைப் பார்த்து "சொன்னதைக் கேட்கிறார்" என்று ஏமாந்துவிடாதே.

ஃபார்மில் அடுத்து வரும் "கல்லு தண்ணியில மிதக்குமா, கடல்ல மீன் இருக்குமா, ரெண்டு கிலோவைவிட ஒரு கிலோ கனமா, சுத்தியல் வெச்சு ஆணி அடிக்கலாமா" என்ற கேள்விகள் தமிழில் இயல்பாகவே வரும். ஆனால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், என்னைப் பைத்தியம் என்று நினைத்தாயா என்பார்கள். "எல்லார்கிட்டயும் தினமும் கேக்கிறதுதான் ஐயா, மருந்து மூளையைப் பாதிக்குதான்னு பாக்கத்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடு. டியூப் இருப்பவர் தலையசைத்தாலே போதும். ராஸ் (விழிப்பு நிலையை அளக்கும் ஸ்கோர்) −4, −5-ல், அதாவது ஆழ்ந்த மயக்கத்தில், இருப்பவருக்கு இதைச் செய்யவே முடியாது, அங்கே நெகட்டிவ் என்று எழுதுவது பொய், "பார்க்க இயலவில்லை" என்றுதான் எழுத வேண்டும். இன்னொன்று, நல்ல தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பிய உடனே செய்யாதே, முழுசாக விழிக்கட்டும், கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மாட்டிவிட்டுச் செய்.

பழகிவிட்டால் இரண்டு நிமிட வேலை.

---

ஜிஹெச்_பிரதர்:

அக்கா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் தயக்கம். எண்களாக மாற்றுவதை யூனிட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், எழுதி பெட் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். ஒருவர் எண், ஒருவர் எழுத்து, இன்னொருவர் "நாளெல்லாம் சொல்லுங்க பாட்டி" என்று செய்தால் காலை ரிசல்ட்டையும் ராத்திரி ரிசல்ட்டையும் ஒப்பிடவே முடியாது. டெலிரியம் ஏறி இறங்கும் வியாதி, அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு வேண்டும். ரவுண்ட்ஸ் நேரத்தில் தெளிவாக இருந்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு சீலிங்கில் எறும்பு ஊர்கிறது என்பார், ரவுண்ட்ஸ் டாக்டருக்கு நம் சார்ட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நான் இருப்பது பூச்சிமருந்து குடித்தவர்கள் நிறைய வரும் அரசு மருத்துவமனை ஐசியூ. எங்களுக்கு டெலிரியம் என்றால் முதலில் சந்தேகிப்பது அட்ரோபின், அந்த விஷத்துக்குக் கொடுக்கும் மாற்று மருந்து. ஆர்கனோபாஸ்பேட் (ஒரு வகைப் பூச்சிமருந்து) கேஸில் நெஞ்சுச் சளி அடங்கி, அக்குள் காய்ந்து, நாடி 80-க்கு மேல் வந்தால் அட்ரோபின் போதுமான அளவு போயிருக்கிறது. அதற்கு மேலும் இன்ஃப்யூஷன் அதே வேகத்தில் ஓடினால் நோயாளி உளறுவார், காற்றில் எதையோ பிடிப்பார், உடம்பு கொதிக்கும், வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் குடல் சத்தம் இருக்காது, சிறுநீர் கட்டும். உறவினர்கள் விஷம் தலைக்கு ஏறிவிட்டது என்று அழுவார்கள், சில சமயம் ஸ்டாஃபும் அப்படியே நினைத்துக் கையைக் கட்டி மிடாஸ் (மிடாசோலாம் என்ற தூக்க மருந்து) கேட்பார்கள். அந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிட்டு "அட்ரோபின் ஓவரா போகுதான்னு பாருங்க சார், டெம்பரேச்சர் இவ்வளவு, குடல் சத்தம் இல்லை" என்று சொல்ல வேண்டியவர் பெட் பக்கத்தில் நிற்கும் நாம்தான். நிறுத்திவிட்டு, அறிகுறி அடங்கிய பிறகு குறைந்த வேகத்தில் திரும்ப ஆரம்பிப்பார்கள்.

ஆனால் அதே நோயாளி இரண்டாம் மூன்றாம் நாளில் அமைதியில்லாமல் புரண்டால் தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொல்லிப் பாருங்கள். கழுத்தைத் தூக்க முடியவில்லை என்றால் மூச்சுத் தசைகள் சோர்கின்றன, அந்தப் பதற்றம் மூச்சுத் திணறலின் பதற்றம், அங்கே செடேஷன் (மயக்க மருந்து) கொடுத்தால் ஆளே போய்விடுவார். எந்த உளறலாக இருந்தாலும் முதலில் ஆக்சிஜன், சுகர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

குடிப்பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிடென்ட் கேஸ், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மூன்றாம் நாள் கை நடுக்கம், வியர்வை, நாடி 130, பாம்பு வருகிறது என்கிறார். மனைவியிடம் மாமியார் முன்னால் கேட்டால் "எப்பவாவதுதான்" என்பார், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த வகைக்கு மட்டும் லோராசெபாம், டயஸெபாம் வகை மருந்துதான் சிகிச்சை, தயமினும் வேண்டும். மற்ற டெலிரியத்தில் அதே மருந்து நிலைமையை மோசமாக்கும். பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "ஐசியூ சைக்கோசிஸ்" என்று ஒரே பேர் வைப்பது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

---

மயக்கவியல்_பிஜி:

நான் டாக்டர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "பெட் 4 கொஞ்சம் ஒருமாதிரி இருக்காங்க" என்று ராத்திரி 2 மணிக்குப் போன் வந்தால், பத்து வேலைக்கு நடுவில் இருக்கும் டூட்டி டாக்டர் தூக்க மருந்து எழுதத்தான் போவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நேத்து சாயங்காலம் வரைக்கும் தெளிவா இருந்தாங்க, இன்னைக்குக் காலையிலிருந்து கவனம் இல்லை, பத்தில் ஐந்து தப்பு, ராஸ் −1, கேம் பாசிட்டிவ். சோடியம் நேத்து 124, சிறுநீர் 3 மணி நேரமா குறைவு, மதியம் ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி ஏவில் போட்டோம்." இதைக் கேட்ட பிறகு யாராலும் வயசு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் பார்க்க வேண்டிய இடங்களை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள்.

டெலிரியத்தைக் காய்ச்சல் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், அது வந்தால் காரணம் தேட வேண்டும். புதிய தொற்று, கார்பன் டை ஆக்சைடு ஏறுவது, சோடியம், சுகர், யூரியா, கல்லீரல், அடைத்துக்கொண்ட கத்தீட்டர், நாள்கணக்கில் போகாத மலம், அடங்காத வலி. மருந்துச் சீட்டில் மிடாசோலாம், லோராசெபாம் போன்ற தூக்க மருந்தோ ஏவில், பினர்கன் போன்ற அலர்ஜி மருந்தோ இருக்கிறதா என்று பாருங்கள், அவையும் குழப்பத்தைக் கிளப்பும். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தால் அது வேறு கதை, உடனே ஸ்ட்ரோக் என்று நினைத்து ஓட வேண்டும்.

கெடுதல் உண்டா என்று கேட்டீர்கள். வெஸ்லி ஈலியின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் டெலிரியம் வந்தவர்கள் 6 மாதத்துக்குள் இறந்தது 34 சதவீதம், வராதவர்கள் 15 சதவீதம். டெலிரியம்தான் கொன்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் உடம்பில் ஏதோ பெரிதாகத் தவறிப்போகிறது என்பதன் அடையாளம் அது. 2013-ல் 821 பேரைத் தொடர்ந்த ஆய்வில் ஐசியூவை விட்டுப்போய் ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவரின் ஞாபகமும் சிந்தனையும் ஆரம்பநிலை அல்சைமர் நோயாளியின் அளவில் இருந்தன. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்கு அது மோசம். "வார்டுக்குப் போனால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

மருந்து பற்றி. செரினேஸ் (ஹாலோபெரிடால்) போட்டால் டெலிரியம் குறையும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. 2018-ல் ஹாலோபெரிடாலையும் ஜிப்ராசிடோனையும் வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், டெலிரியம் இருந்த நாட்களில் வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு வந்த அமெரிக்க கிரிட்டிகல் கேர் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு நோயாளி கலவரப்பட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கொடுப்போம், அப்போதும் இசிஜியில் க்யூடி இடைவெளி (அது நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்) பார்த்துக்கொண்டு. மந்தமாக இருப்பவருக்கு அதில் பயன் இல்லை. உண்மையில் பலன் தெரிந்தது நோயாளியை எழுப்பி உட்கார வைத்ததில்: 2009-ல் ஷ்வைக்கர்ட் குழுவினர் வென்டிலேட்டரில் இருக்கும்போதே தினமும் செடேஷனை நிறுத்தி ஃபிசியோதெரபி ஆரம்பித்தபோது டெலிரியம் நீடித்த காலம் 4 நாளிலிருந்து 2 நாளாகக் குறைந்தது. அது நர்ஸ் இல்லாமல் நடக்காத வேலை.

---

வெண்பணி:

எல்லாருக்கும் நன்றி. மயக்கவியல்_பிஜி சொன்ன மாதிரி வேறொரு நாள் வேறொரு நோயாளிக்கு எண்களோடு சொல்லிப் பார்த்தேன், டாக்டர் உடனே வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். பாட்டிக்கு மறுநாள் சீனியர் கன்சல்டன்ட் பார்த்து சோடியம் குறைவைச் சரிசெய்யச் சொல்லி, ராத்திரி தூக்கத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்தினார்.

இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் யூனிட்டில் காலை 4 மணிக்கு ஸ்பாஞ்ச் பாத், 5 மணிக்கு ரத்தம் எடுப்பது, அதற்கு நடுவில் லைட் எல்லாம் எரிந்துகொண்டே இருக்கும். கையைக் கட்டுவதும் சாதாரணமாக நடக்கிறது. இதையெல்லாம் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மாற்ற முடியுமா?

---

ஐசியூ_அக்கா:

முழுசாக மாற்ற முடியாது, உன் பெட்டில் மாற்றலாம். 4 மணிக் குளியல் நோயாளிக்காக வந்த வழக்கம் இல்லை, காலை ஷிஃப்ட் வருவதற்குள் எல்லாரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வந்தது. தூக்கம் வராதவரை முதலில் குளிப்பாட்டு, தூங்குபவரை 6 மணிக்கு மேல் வைத்துக்கொள். டெம்பரேச்சர், பொசிஷன், மருந்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுப்பார். மானிட்டர் அலாரத்தை நோயாளிக்குத் தகுந்தபடி செட் செய்தால் பாதிச் சத்தம் போய்விடும். பகலில் ஜன்னல் திரையைத் திற, முடிந்தால் உட்கார வை.

கை கட்டுவது பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. கட்டினால் டியூபைப் பிடுங்க மாட்டார் என்று நம்புகிறோம், ஆனால் டியூபைத் தானே பிடுங்கிக்கொள்பவர்களில் நிறையப் பேர் கட்டப்பட்டிருந்தவர்கள்தான். கட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் இழுப்பார், நாம் இன்னும் செடேஷன் கேட்போம். கட்டுவதற்கு முன் வலி இருக்கிறதா, கத்தீட்டர் இழுக்கிறதா, ரைல்ஸ் டியூப் மூக்கில் உறுத்துகிறதா, தேவையில்லாத லைன் ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று பார். வேறு வழியே இல்லாமல் கட்டினால் டாக்டர் ஆர்டரோடு, நேரம் எழுதி, அடிக்கடி அவிழ்த்துப் பார்த்து, வீட்டாரிடம் காரணம் சொல்லி.

---

வைகைமகள்:

நான் நர்ஸ் இல்லை, தேடும்போது இந்தத் திரி கண்ணில் பட்டது. என் அப்பா நிமோனியாவில் வென்டிலேட்டரில் இருந்தார். நினைவு வந்த பிறகு, தன்னை ஒரு லாரியில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்றும் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் ஊசியில் விஷம் வைக்கிறார்கள் என்றும் நம்பினார். சத்தம் போடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார், அசைந்தால் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தாராம். எங்களிடம் எல்லாரும் "நல்லா தூங்குறார்" என்றே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் இதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு. கடைக் கணக்கை மனசிலேயே போடுகிறவர் இப்போது காகிதம் இல்லாமல் கூட்ட முடியவில்லை.

ஒரு சிஸ்டர் மட்டும் "இது ஐசியூவில் நிறையப் பேருக்கு வரும் மூளைக் குழப்பம், பைத்தியம் இல்லை, நீங்க வரும்போதெல்லாம் இன்னைக்கு என்ன கிழமை, வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பேசுங்க" என்று எங்களிடம் சொன்னார். மற்ற நேரமெல்லாம் அம்மா அப்பாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று தாயத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள், தயவுசெய்து.

---

மயக்கவியல்_பிஜி:

வைகைமகள், அப்பா வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள், இந்த மாதிரிப் பயங்கரமான நினைவுகள் ஐசியூவிலிருந்து திரும்பிய பலருக்கும் இருக்கின்றன. கணக்குத் தடுமாற்றம் ஒரு வருடம் வரைகூட மெதுவாகத் தேறலாம், ஆனாலும் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ காட்டுங்கள், ஐசியூவில் எத்தனை நாள் இருந்தார் என்ற டிஸ்சார்ஜ் சம்மரியோடு. தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை ஏதாவது இன்னும் தொடர்கிறதா என்றும் பாருங்கள், ஐசியூவில் ஆரம்பித்தது வீடுவரை தொடர்ந்து வந்துவிடுவது உண்டு.

பார்வையாளர் நேரத்தைக் கூட்டினால் டெலிரியம் குறையுமா என்று பிரேசிலில் 36 ஐசியூக்களில் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். டெலிரியம் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் குடும்பத்தாரின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கூடுதல் நேரம் விடுவேன்.

---

ஜிஹெச்_பிரதர்:

வைகைமகள் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் யூனிட்டுக்காக எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டெண்டரை உள்ளே விடும்போது சொல்ல வேண்டியது: "அவருக்குக் குழப்பம் இருக்கு, உடம்பு சரியாக ஆக அதுவும் குறையும். உங்க பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க. அவர் இல்லாததைப் பார்க்கிறேன்னு சொன்னா சண்டை போடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க, இது ஆஸ்பத்திரி, நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லுங்க. கண்ணாடி, பல்செட், காது மெஷின் வீட்டுல இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க. வீட்டுல இவர் எப்படி இருந்தார், முன்னாடியே மறதி இருந்ததான்னு எங்களுக்குச் சொல்லுங்க." கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அட்மிஷன் ஷீட்டிலேயே எழுதி வைத்தால், எப்போது மாறினார் என்று அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தெரியும்.